1 லட்ச ரூபாய்க்கு ஸ்பீக்கர் வாங்கலாமா? கடைக்காரரைக் கேக்காதீங்க, உங்க ரூமைக் கேளுங்க

போன மாசம் ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். வயசு 27, ஐ.டி. வேலை, கைக்கு வர்ற சம்பளம் 58,000. "அண்ணா, எனக்குச் சின்ன வயசுலேர்ந்து பாட்டுன்னா உயிர். நல்ல ஸ்பீக்கர் செட் ஒண்ணு வாங்கணும்னு ஆசை. ஆம்ப்ளிஃபயரோட சேர்த்து 1 லட்சம் ஆகும்போல இருக்கு. வாங்கலாமா, இல்ல மியூச்சுவல் ஃபண்டுல போடறதுதான் புத்திசாலித்தனமா?"

நம்ம சேனலைத் தொடர்ந்து பாக்கறவங்களுக்கு நான் என்ன சொல்வேன்னு தெரியும். 1 லட்சம், 12 சதவீத வருமானம், 20 வருஷம், கடைசியில 9 லட்சத்து 64 ஆயிரம். "ஸ்பீக்கரா, 9 லட்சமா, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு ஒரு சிரிப்பு சிரிச்சிட்டு வீடியோவை முடிச்சிருப்பேன். போனுக்கு, பைக்குக்கு, கோவா டூருக்கு எல்லாம் இந்தக் கணக்கைப் போட்டவன்தான் நான்.

இந்தத் தம்பிக்கு அப்படிப் பதில் போட மனசு வரலை. கணக்கு தப்பு இல்லை. ஆனா தினமும் உபயோகிக்கிற ஒரு பொருளை இந்தக் கணக்கால அடிக்க ஆரம்பிச்சா, காலையில சாப்பிடற இட்லிக்கும் 20 வருஷக் கூட்டு வட்டி போட்டுப் பாக்க வேண்டியதுதான். ஆறு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கு, டேர்ம் இன்ஷூரன்ஸ் இருக்கு, கிரெடிட் கார்டு பாக்கி இல்லைன்னா, மாசச் சேமிப்பு போக மிஞ்சறதுல ஸ்பீக்கர் வாங்கறது குற்றம் இல்லை. தப்பான ஸ்பீக்கரை வாங்கறதுதான் நஷ்டம். அந்த நஷ்டத்தை நானே ஒரு தடவை முழுசா அனுபவிச்சிருக்கேன்.

2018ல எனக்கு ஒரு நல்ல வருஷம். கையில கொஞ்சம் காசு புரண்டுது. ஒரு சனிக்கிழமை ஈ.சி.ஆர். பஸ் ஏறி சென்னைக்குப் போய் ஒரு ஷோரூம்ல உக்காந்தேன். ஏசி ரூம், சுவர் முழுக்கப் பஞ்சுப் பலகை, தரையில கனமான கார்ப்பெட், மங்கலான லைட்டு. என் இடுப்பு உயரத்துக்கு ரெண்டு டவர் ஸ்பீக்கர். ஒரு வெள்ளைக்காரப் பொண்ணு கிட்டாரோட பாடற பாட்டு போட்டாங்க. நரம்பை விரல் உரசற சத்தம்கூடக் கேட்டுது. நான் காலி. ஸ்பீக்கரும் ரிசீவரும் சேர்த்து 1,12,000 ரூபாய். 12 மாச நோ காஸ்ட் இ.எம்.ஐ.

வீட்டுக்கு வந்து மாட்டினேன். அப்ப நாங்க இருந்தது ரெட்டியார்பாளையத்துல ஒரு வாடகை ஃப்ளாட். 10க்கு 11 அடி ரூம். தரை டைல்ஸ், சுவர் வெறும் சுவர், ஒரு ஜன்னல். அதே பாட்டை இங்க போட்டா கிணத்துக்குள்ள இருந்து பாடற மாதிரி இருந்துது. நம்ம பாட்டு போட்டா அதைவிட மோசம். பேஸ் கிட்டார்ல ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் வரும்போதெல்லாம் ரூமே "பூம்"னு அதிரும், அடுத்த ஸ்வரம் காணாமப் போயிடும். கீழ்வீட்டு அம்மா ரெண்டு தடவை மேல வந்துட்டாங்க.

காரணம் அப்ப புரியலை, பிறகு படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஒலி ஒரு வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் போகுது. எதிரெதிரா ரெண்டு சுவர் இருந்தா, அந்த இடைவெளி எந்த அலையோட பாதி நீளமோ, அந்த அலை ரெண்டு சுவருக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு ஊதிப் பெருசாகும். 10 அடின்னா 3 மீட்டர் சொச்சம். கணக்குப் போட்டா 56 ஹெர்ட்ஸ். 11 அடிக்கு 51 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரோட அடி நரம்பு 41 ஹெர்ட்ஸ்ல ஆரம்பிக்குது. அதாவது பேஸ் கிட்டார் நடமாடற இடத்துலயே என் ரூம் பள்ளம் வெட்டி வச்சிருக்கு. பெரிய டவர் அந்த 50 ஹெர்ட்ஸை நல்லா வாசிக்கும், அதுக்குத்தான் காசு கொடுத்தேன். சின்ன ஸ்பீக்கரா இருந்திருந்தா அந்த ஆழத்துக்கே அவ்வளவு பலமா இறங்காது, ரூமும் சும்மா இருந்திருக்கும். கூடுதலாக் காசு கொடுத்து பிரச்சினையை வாங்கிட்டு வந்திருக்கேன்!

ஒன்றரை வருஷம் கழிச்சு 56,000க்கு வித்தேன். நோ காஸ்ட் இ.எம்.ஐ.க்கும் ஒரு காஸ்ட் இருந்துது. கடை தர்ற தள்ளுபடியும் பேங்க் போடற வட்டியும் ஒண்ணுக்கொண்ணு சரியாகிடும், அதனாலதான் "நோ காஸ்ட்". ஆனா அந்த வட்டி மேல 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, பிராசஸிங் ஃபீ உண்டு. என் கேஸ்ல ரெண்டும் சேர்த்து 1,800 ரூபாய் கிட்ட. முழுக் காசையும் கையில கொடுத்திருந்தா கடைக்காரர் குறைச்சிருக்கக்கூடிய தொகையை நான் கேக்கவே இல்லை, அது தனி. ஆக 57,800 ரூபாய் போச்சு. அந்த ஒன்றரை வருஷத்துல உக்காந்து ஒழுங்காக் கேட்டது ரொம்ப தாராளமாச் சொன்னாலும் 120 மணி நேரம். ஒரு மணி நேரத்துக்கு 480 ரூபாய். ஒரு சி.ஏ. பண்ற வேலையா இது?

ஷோரூம்ல நடந்தது ஏமாத்து வேலை இல்லைங்க. அங்க கேட்டது உண்மையிலேயே நல்ல சத்தம்தான். ஆனா அந்தச் சத்தத்துல பாதி அந்த ரூமோடது, மீதி அந்தப் பாட்டோடது. ரெண்டையும் அவங்க பில்லுல சேர்த்துக் கொடுக்கலை.

இன்னொரு விஷயம், இதைப் பலபேர் கவனிக்கறதில்லை. ரெண்டு ஸ்பீக்கரைப் பக்கத்துல வச்சு மாத்தி மாத்திப் போட்டுக் காட்டும்போது, எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அது "நல்லா" இருக்கிற மாதிரித் தோணும். ஸ்பீக்கர் அட்டையில சென்சிடிவிட்டின்னு ஒரு எண் இருக்கும், 86 டெசிபல், 89 டெசிபல்னு. அந்த 3 டெசிபல் வித்தியாசத்தை ஈடு கட்ட, குறைஞ்ச ஸ்பீக்கருக்கு ஆம்ப்ளிஃபயர் ரெண்டு மடங்கு பவர் கொடுக்கணும். வால்யூம் குமிழைத் தொடாம ஸ்பீக்கரை மட்டும் மாத்தினா, 89தான் ஜெயிக்கும். தரத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. போன்ல ஒரு டெசிபல் மீட்டர் ஆப் போட்டுக்கிட்டு, ரெண்டும் ஒரே அளவு சத்தத்துல ஓடுதான்னு பாத்துட்டுக் கேளுங்க. கடைக்காரர் உங்களை ஒரு மாதிரிப் பாப்பார். பாக்கட்டும்.

கண்ணும் நம்மை ஏமாத்தும். 1994ல ஃபிலாய்ட் டூல், ஷான் ஆலிவ்னு ஒலித்துறையில பேர் பெற்ற ரெண்டு பேர் ஒரு சோதனை நடத்தினாங்க. ஹார்மன் கம்பெனியோட ஊழியர்கள் 40 பேர், நாலு ஸ்பீக்கர். ஒரு தடவை திரைக்குப் பின்னால வச்சு, இன்னொரு தடவை கண் முன்னால வச்சு மார்க் போடச் சொன்னாங்க. அதுல விலை குறைஞ்ச, பிளாஸ்டிக்ல செஞ்ச சின்ன செட் ஒண்ணு. திரைக்குப் பின்னால இருந்தப்ப அது வாங்கின மார்க், ஆளைப் பாத்ததும் இறங்கிடுச்சு. இவங்க ஸ்பீக்கர் கம்பெனியிலயே வேலை பாக்கறவங்க. நாம எம்மாத்திரம்?

ரெண்டாவது தடவை நான் அவசரப்படலை. மாசம் 6,000 ரூபாய்னு 18 மாசத்துக்கு ஒரு ஆர்.டி. போட்டேன். முடிவுல 1,08,000, கூட வட்டி. (அந்த வட்டிக்கு வரி கட்டணும், ரிட்டர்ன்ல காட்டாம விட்டுடாதீங்க.) ஆர்.டி. போட்டதுக்கு இன்னொரு காரணமும் இருந்துது. அந்த 18 மாசமும் பழைய போர்ட்டபிள் ஸ்பீக்கர்ல தினமும் உக்காந்து பாட்டு கேக்கறேனா இல்லையான்னு என்னையே சோதிச்சுப் பாத்தேன். கையில போன் இல்லாம, அரை மணி நேரம். உங்களையும் முதல்ல இதைத்தான் பண்ணச் சொல்வேன். மூணு மாசம் முடியலைன்னா உங்களுக்கு வேணுங்கறது ஸ்பீக்கர் இல்லை, நல்ல ஹெட்போன். அது 10,000 ரூபாயோட முடிஞ்சிடும்.

அதே சமயம் காதையும் பழக்கினேன். பாண்டிச்சேரியில இருக்கறதுல ஒரு லாபம், வருஷா வருஷம் ஜூன் 21ஐ ஒட்டி நடக்கற ஃபெத் த லா மியூசிக். பிரான்ஸ்ல 1982ல ஆரம்பிச்ச விழா, இங்கயும் கொண்டாடறோம், டிக்கெட் கிடையாது. மைக் வழியா வர்றதை விட்டுட்டு, பக்கத்துல நின்னு நிஜ வயலினைக் கேளுங்க. கோயில்ல நாதஸ்வரம் வாசிக்கும்போது அஞ்சு நிமிஷம் நில்லுங்க. மிருதங்கத்துல வலந்தலையோட கணீரும் தொப்பியோட கும்காரமும் காதுல ஒரு தடவை பதிஞ்சிட்டா, எந்த ஸ்பீக்கர் பொய் சொல்லுதுன்னு கண்டுபிடிக்க எந்த யூட்யூப் ரிவ்யூவும் வேணாம். என்னோடது உட்பட.

அப்புறம் பாட்டு. கடைக்காரர் போடற பாட்டைக் கேட்டு முடிவு பண்ணாதீங்க, அது எந்த ஸ்பீக்கர்லயும் நல்லாத்தான் இருக்கும். நூறு தடவை கேட்ட உங்க சொந்தப் பாட்டு அஞ்சை எடுத்துட்டுப் போங்க. அதுல ஒண்ணாவது பழசா, கரகரப்பா இருக்கட்டும். தமிழ் சினிமாப் பாட்டுல ஸ்டீரியோ 1978ல வந்த 'ப்ரியா'லேர்ந்துதான் ஆரம்பம்னு சொல்வாங்க. அதுக்கு முந்தின எம்.எஸ்.வி. காலத்துப் பாட்டு பெரும்பாலும் மோனோ. ரெண்டு ஸ்பீக்கர்லயும் ஒரே சத்தம் வரும், அப்ப குரல் ரெண்டுக்கும் நட்டநடுவுல, ஆள் நிக்கற மாதிரி நிக்கணும். ஒரு பக்கம் சாய்ஞ்சாலோ, சுவர் முழுக்கப் பரவினாலோ, வச்ச இடம் சரியில்லைன்னு அர்த்தம். ஷோரூம்ல "டீட்டெயில்"னு அசத்தற சில ஸ்பீக்கர், டைல்ஸ் தரை ரூம்ல பழைய பி.சுசீலா பாட்டு போட்டா இருபது நிமிஷத்துல தலைவலி கொடுத்துடும்.

இப்ப முக்கியமான கட்டம். சென்னையில வேற ஒரு டீலரைப் பிடிச்சு, முழுத் தொகையையும் டெபாசிட்டா கொடுத்து, வெள்ளிக்கிழமை மூணு ஜோடி ஸ்பீக்கரை கார்ல போட்டுக்கிட்டு வந்தேன், திங்கக்கிழமை திருப்பித் தர்றதா ஒப்பந்தம். எல்லாரும் இதுக்குச் சம்மதிக்க மாட்டாங்க. ஆனா கேக்காமலே விட்டுடறோம் பாருங்க, அதுதான் தப்பு. வாய்விட்டுக் கேட்டா பத்துல ரெண்டு பேராவது சரிம்பாங்க.

அப்பாவோட பழைய வேட்டி ஒண்ணை ரூமுக்குக் குறுக்கே கொடியில போட்டோம். மெல்லிசு துணி, சத்தத்தை மறைக்காது. அதுக்குப் பின்னால என் மனைவி வயரை மாத்தி மாத்திச் செருகுவா, நான் கண்ணாலப் பாக்காம நம்பர் போடணும். ஒவ்வொரு தடவையும் டெசிபல் சரி பாத்துட்டு. அஞ்சு பாட்டுல நாலுல நான் தேர்ந்தெடுத்தது 38,000 ரூபாய் ஜோடி. ஷோரூம்ல நான் கிட்டத்தட்ட முடிவே பண்ணி வச்சிருந்தது 65,000 ரூபாய் ஜோடியை. வேட்டியை விலக்கினதும் எனக்கே கொஞ்சம் அவமானமா இருந்துது. மனைவிக்கு மட்டும் பயங்கர சந்தோஷம்.

அந்த சனிக்கிழமை சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு உக்கார வச்சேன். 31 வருஷம் மில்லுல தறி ஓட்டினவர். சின்ன வயசுல எங்க தெருவுல ஒரு சொல்தா வீடு இருந்துது, பிரான்ஸ் பென்ஷன் வாங்கற குடும்பம். அவங்க வீட்டு ஸ்டீரியோவுல டி.எம்.எஸ். பாட்டு ஓடும்போது அப்பா ஷிஃப்ட் முடிஞ்சு வர்ற வழியில சைக்கிளை நிறுத்திட்டு நின்னு கேப்பார். ரிட்டயர் ஆனதுக்கு அப்புறம் மெல்ல மெல்லப் பாட்டு கேக்கறதையே விட்டுட்டார். வயசாச்சு, ஆர்வம் போச்சுன்னு நினைச்சேன்.

மூணு ஜோடியிலயும் போட்டேன். மூணுலயும் அவர் சொன்னது ஒண்ணுதான். "ஏண்டா, பாடறவன் வாயில துணி வச்சுக்கிட்டுப் பாடறானா? மெட்டு வருது, வார்த்தை வரலையே."

ஸ்பீக்கர் மேல தப்பு இல்லைன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது. திங்கக்கிழமை மூணையும் திருப்பிக் கொடுத்துட்டு, அந்த வாரமே ஈ.என்.டி. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனேன். ஆடியோமெட்ரி எடுத்தாங்க. சத்தம் புகாத ரூம்ல உக்கார வச்சு, எந்த ஹெர்ட்ஸ்ல எவ்வளவு மெல்லிசாக் கேக்குதுன்னு வரைபடம் போடறது. கோடு நேராப் போய், 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல தடால்னு பள்ளத்துல விழுந்துது. வருஷக்கணக்கா இரைச்சல்ல வேலை பாத்த காதுல முதல்ல அடிபடற இடம் அதுதானாம். "ச", "த", "க" மாதிரி மெய்யெழுத்தோட கூர்மை அந்த உயரத்துப் பக்கம்தான் இருக்கு. அது போயிட்டா மெட்டு கேக்கும், சொல் கேக்காது. பாட்டு மட்டுமா, பேரன் பேசறதும் அப்படித்தான் கேட்டிருக்கு அவருக்கு. "தாத்தா பதிலே சொல்ல மாட்டேங்கறாரு"ன்னு என் பையன் சொன்னப்ப நான் பெரிசா எடுத்துக்கலை.

ஆர்.டி. காசை ரெண்டாப் பிரிச்சோம். காது மிஷின் ஒரு ஜோடி 48,000. ஒரு தகவல் சொல்றேன், காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. ஸ்பீக்கருக்கு 18 சதவீதம். மீதியில அந்த 38,000 ரூபாய் ஜோடியையே வாங்கினேன். ரிசீவர், ஹோம் தியேட்டர் எல்லாம் வேணாம்னு, 16,000க்கு யூஸ்டு ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். ஸ்டாண்டு, ரிச்சி ஸ்ட்ரீட்ல வாங்கின தடியான தாமிர வயர் எல்லாம் சேர்த்து 4,500. ஆயிரக்கணக்குல கேபிள் வித்தா வாங்காதீங்க, அஞ்சு மீட்டர் தூரத்துக்கு எலக்ட்ரிக்கல் கடைத் தடி வயரே ஜாஸ்தி. தரைக்கு ஒரு பவானி ஜமுக்காளம், ஜன்னலுக்குக் கனமான திரை, பின் சுவர்ல புத்தக அலமாரி. எதிரொலி பாதியாக் குறைஞ்சுது.

மொத்தம் 58,500. மூணு வருஷம் ஆகுது. தினமும் முக்கால் மணி நேரம்னு வச்சாலும் 800 மணி நேரம் தாண்டியாச்சு. மணிக்கு 73 ரூபாய், இன்னும் குறைஞ்சுக்கிட்டே வருது.

என்ன மாடல்னு கேப்பீங்க. சொல்ல மாட்டேன். என் ரூமுக்கு, என் அப்பா காதுக்குத் தேர்ந்தெடுத்தது அது. வார்ஃப்டேல், கே.ஈ.எஃப்., டாலி, கொல்கத்தாவோட சோனோடைன், எதுலயும் நல்ல சின்ன ஸ்பீக்கர் உண்டு. உங்க ரூம்ல எது ஒத்துப்போகுதுன்னு நீங்கதான் கேக்கணும்.

வீட்டுக்கு எடுத்துட்டுப் போய்க் கேக்க யாரும் விடலையா? யூஸ்டு வாங்குங்க. முதல் ஓனர் விலை இறக்கத்தை ஏற்கெனவே தாங்கிட்டார். ஆறு மாசம் வச்சுக் கேட்டுட்டு, பிடிக்கலைன்னா வாங்கின விலைக்குப் பக்கத்துலயே விக்கலாம். 30,000க்கு வாங்கி 27,000க்கு வித்தா, ஆறு மாச ஆடிஷனுக்கு வாடகை 3,000 ரூபாய். தனி ஆள் கிட்ட வாங்கினா ஜி.எஸ்.டி. இல்லை. ஒருவேளை லாபத்துக்கு வித்தாலும், சொந்த உபயோகப் பொருள் வருமான வரிச் சட்டப்படி மூலதனச் சொத்துக் கணக்குல வராது, அதனால மூலதன ஆதாய வரியும் இல்லை. நகை, ஓவியம் மாதிரி சிலதுக்குத்தான் விதிவிலக்கு. தொழிலா வாங்கி வித்தா கதை வேற, அதை இங்க இழுக்காதீங்க.

புதுசு வாங்கறவங்க எம்.ஆர்.பி.யைப் பாருங்க. அது எல்லா வரியும் சேர்ந்த விலை. அதுக்கு மேல "ஜி.எஸ்.டி. எக்ஸ்ட்ரா"ன்னு யாராவது சொன்னா எழுந்து வந்துடுங்க. "பில் வேணாம்னா குறைச்சுத் தர்றேன்"னு சொன்னாலும் எழுந்து வந்துடுங்க. பில் இல்லாம வாரன்டி இல்லை.

நம்ம ஊர்க்காரங்க நிறைய பேர் கேக்கற இன்னொண்ணு: "சித்தப்பா பாரிஸ்லேர்ந்து வர்றார், அங்கேயே வாங்கிட்டு வரச் சொல்லலாமா?" சேன்ட் எட்டியன்ல 1979ல ஆரம்பிச்ச ஃபோகல், 1950ல ஆரம்பிச்ச கபாஸ், ரெண்டும் அசல் பிரெஞ்சுக் கம்பெனிதான், ஆசைப்படறது நியாயம். சாதாரண ஸ்பீக்கருக்கு கரன்ட் பிளக்கே கிடையாது, அதனால வோல்டேஜ் தொந்தரவு இல்லை. ஆனா ஒரு ஜோடியே 12, 15 கிலோ வரும். லக்கேஜுல பாதி போயிடும், வரிவிலக்கு வரம்பைத் தாண்டினா ஏர்போர்ட்ல சுங்கம் கட்டணும், ரிப்பேர்னா வாரன்டி பெரும்பாலும் இங்க செல்லாது. முக்கியமா, நீங்க கேட்டே பாக்காத ஸ்பீக்கர் அது. சித்தப்பாகிட்ட சீஸ் வாங்கிட்டு வரச் சொல்லுங்க.

மெயில் போட்ட தம்பிக்கு நான் எழுதின பதில் சுருக்கம்தான். மூணு மாசம் தினமும் உக்காந்து கேளுங்க, அதுவரைக்கும் ஆர்.டி. போடுங்க, யூஸ்டுல ஆரம்பிங்க, வீட்டுப் பெரியவங்களையும் பக்கத்துல உக்கார வச்சுக் கேளுங்க. கடைசி வரிக்கு அவர் "ஏன் அண்ணா?"ன்னு கேட்டார். அதுக்குத்தான் இவ்வளவு நீளமா இந்தப் பதிவு.

அப்பாவோட மிஷின்ல பாட்டுக்குன்னே தனியா ஒரு செட்டிங் போட்டுக் கொடுத்திருக்காங்க. ரெண்டு ஸ்பீக்கரையும் அவர் நாற்காலியைப் பாத்துத் திருப்பி வச்சிருக்கேன், மேல் ஸ்வரம் எல்லாம் நேர்க்கோட்டுல இருக்கறவங்களுக்குத்தான் முழுசாப் போகும். காலையில ஆறரைக்கே காபியோட உக்காந்துடுவார். நேத்து நான் ஆபீஸ் கிளம்பற அவசரத்துல வால்யூமைக் கொஞ்சம் ஏத்திட்டேன் போல. ஹாலுக்குள்ளேர்ந்து சத்தம் வந்துது.

"டேய், குறைடா. காது கிழியுது."